இரண்டு தௌ இடைவெளி

லேத் பட்டறையில் காலம் தள்ளியவர்களுக்குத் 'தௌ' என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. நம் தலைமுடி ஒன்றின் கனமே இரண்டு மூன்று தௌ வரும். கோவையில் 32 ஆண்டுகள் டர்னராக இருந்தவன் நான். ஷாஃப்டுக்கும் புஷ்ஷுக்கும் இடைவெளி பார்த்தே தலை நரைத்தது. ஓய்வு பெற்றபின் அந்தச் சொல்லை மறுபடியும் கேட்டது அமெரிக்காவில். ஒஹாயோ மாநிலத்தில் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்தபோது, பக்கத்து வீட்டுப் பெரியவரின் கார் ஷெட்டில்.

அவருக்கு வயது 79. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேட்டைக்கெல்லாம் போகமாட்டார், இலக்குச் சுடுதல்தான் பொழுதுபோக்கு. மேசைமேல் மணல் பைகளில் ரைஃபிளைத் தாங்கவைத்து, 100 கஜ தூரத்தில் இருக்கும் காகிதத்தில் ஐந்து முறை சுடவேண்டும். ஐந்து துளைகளும் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்பதே போட்டி. தேர்ந்தவர்களுக்கு அவை கால் அங்குலத்துக்குள் அடங்கிவிடுமாம்.

இதற்குக் கடையில் விற்கும் தோட்டா போதாது என்று தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிக்கக் கூடாது. அங்கே சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே செய்துகொள்ள முடிகிறது.

தோட்டா என்பது ஒரு பித்தளைக் கேஸ், அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டால் குண்டு போய்விடும், கேஸ் மிஞ்சும். அதை மறுபடி நிரப்பலாம். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த பித்தளையைக் கிண்ணம்போல அமுக்கி, பிறகு இழுத்து இழுத்து நீட்டித்தான் கேஸ் செய்கிறார்கள். அப்படி இழுக்கும்போது சுவர் ஒரு பக்கம் கனத்தும் எதிர்ப்பக்கம் மெலிந்தும் போவதுண்டு. கழுத்தில் அந்தக் கோளாறு இருந்தால் குண்டு மையம் விலகி உட்காரும். அதைச் சரிசெய்வதுதான் கழுத்துக் கடைசல். கழுத்துக்குள்ளே ஒரு மேண்ட்ரல் நுழையும். வெளியே சின்னதாக ஒரு கட்டர். கேஸைச் சுற்றச் சுற்ற, மேடாக இருக்கும் இடம் மட்டும் மெல்லிய சுருளாகச் சீவிக்கொண்டு வரும். லேத்தை உள்ளங்கையில் அடக்கினாற்போல் இருந்தது எனக்கு.

எல்லா ரைஃபிளுக்கும் இது தேவையில்லை என்று அவரே சொன்னார். சாதாரண ரைஃபிளின் அறை தாராளமாகக் குடையப்பட்டிருக்கும். அதில் கழுத்தைக் கடைந்தால் இடைவெளி இன்னும் கூடும். பெரிய பலனும் கிடைக்காது. போட்டி ரைஃபிள் அப்படியில்லை. அவருடையது லூ பால்மிசானோ, ஃபெர்ரிஸ் பின்டெல் என்ற இருவர் 1970-களில் உருவாக்கிய 6 மில்லிமீட்டர் பிபிசி தோட்டாவுக்கானது. குண்டின் விட்டம் 243 தௌ. கழுத்துச் சுவரை எட்டரை தௌ கனத்துக்குக் கடைந்தால், இரு பக்கமும் சேர்த்து 17. மொத்தம் 260. அவர் ரைஃபிளின் அறையில் கழுத்துக்கான இடமோ 262. மிஞ்சுவது இரண்டே தௌ.

அந்த இரண்டு தௌ இல்லாவிட்டால் ஆபத்து. சுடும்போது கழுத்து விரிந்தால்தான் குண்டைப் பிடித்த பிடி விடும். விரிய இடமில்லையென்றால் உள்ளே அழுத்தம் எகிறும். அது வெடிக்கிற இடம் சுடுபவரின் முகத்துக்குப் பக்கத்தில்.

ஒரு நாள் கடைந்து முடித்த 50 கேஸ்களை என் முன்னே வைத்தார். "கண் முன்னைப்போல் இல்லை. நீங்கள் இந்தத் தொழிலில் இருந்தவர். ஒரு தடவை அளந்து பாருங்கள்" என்றார். மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்தபோது பழைய பழக்கம் தானாக வந்தது. 44 கேஸ்கள் எட்டரையில் அச்சடித்தாற்போல் நின்றன. ஆறு மட்டும் ஒன்பதரை. இடையில் கட்டரை மாற்றிப் பூட்டியிருக்கிறார். அளவு வைக்கும்போது கோட்டைத் தப்பாகப் படித்திருக்கிறார். 243-உம் 19-உம் 262. இடைவெளி பூஜ்யம்.

நான் கணக்கைச் சொல்லவில்லை. ஆறையும் தனியாக நகர்த்தி வைத்தேன். அவர் புரிந்துகொண்டார். இடுக்கியை எடுத்து ஒவ்வொன்றின் கழுத்தையும் நசுக்கி, பழைய பித்தளை டப்பாவில் போட்டார்.

"எண் தெரிகிற டிஜிட்டல் மைக்ரோமீட்டர் வாங்கலாமே" என்றேன்.

"அதுவும் இருக்கிறது. எண் நன்றாகத் தெரியும். அளப்பதற்கு மறந்துபோனால்?" என்றார்.

அடுத்த வாரம் ரைஃபிளைத் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அறையின் கழுத்துப் பகுதியை அகலமாகக் குடையச் சொன்னார். இனிமேல் வாங்கிய கேஸை அப்படியே போடலாம், கடைசல் வேண்டாம். கடைசல் கருவியைத் துடைத்து எண்ணெய் போட்டு, சுடும் சங்கத்தில் ஒரு இளைஞனுக்குக் கொடுத்துவிட்டார். வருத்தம் இருந்தது, முகத்தில் தெரிந்தது. துளைகளின் நெருக்கமும் முன்னைப்போல் இல்லை என்று காகிதத்தைக் காட்டினார். ஆனால் சுடுவதை அவர் விடவில்லை.

பட்டறையில் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் இதுதான். இடைவெளி எவ்வளவு குறைவு என்பது பெருமை இல்லை; அந்த வேலைக்கும் அந்த மெஷினுக்கும் எவ்வளவு வேண்டும் என்பதே கணக்கு. மெஷின் தேய்ந்தால் அளவையும் மாற்றத்தான் வேண்டும். நம் வயதில் மாத்திரை எண்ணுவது, மாடிப்படி, இருட்டில் வண்டி ஓட்டுவது என்று எத்தனையோ காரியங்கள் இரண்டு தௌவில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. எதை அகலப்படுத்திக்கொள்ளலாம் என்று கண் நன்றாக இருக்கும்போதே பார்த்துவிடுவது நல்லது. ஊர் திரும்பியபின் ராத்திரியில் ஸ்கூட்டர் எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். பகலில் ஓட்டுகிறேன்.

பெரியவர் இப்போதும் சனிக்கிழமைதோறும் சுடப் போகிறாராம். போன வாரம் மகன் போனில் சொன்னான்.