சுப்பிரமணியன், இனிஷியல் இல்லை!

பெங்களூர்னு சொன்னதும் நம்ம செட்டுக்கு என்ன ஞாபகம் வரும்? ஐ.டி. கம்பெனி, பிரிகேட் ரோடு, வீக் எண்ட் டிரிப்... இதானே? நான் இந்த முறை பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடிச்சது ஒரு சுபேதாரைத் தேடி. பேரு சுப்பிரமணியன். இரண்டாம் உலகப் போரில் 'ஜார்ஜ் கிராஸ்' விருது வாங்கிய தமிழர். வாங்கும்போது அவர் உயிரோடு இல்லை.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோ ஏறினால், கொஞ்ச நேரத்தில் அல்சூர் ஏரி. ஏரிக்குப் பக்கத்தில் நம்ம திருவள்ளுவர் நிற்கிறார். பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9-ம் தேதி திறக்கப்பட்ட சிலை. டீக்கடையில் தமிழ், பூக்கடையில் தமிழ்னு காது குளிர்ந்துபோச்சு. அதே ஏரிக்கரையை ஒட்டித்தான் 'மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப்' ராணுவ மையம். 1780-ல் தொடங்கிய படைப்பிரிவு. அந்தக் காலத்துப் பெயர் 'மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்'. பாலம் கட்டுவது, ரோடு போடுவது, கண்ணிவெடி எடுப்பதுதான் இவங்க வேலை. அதாவது, துப்பாக்கி பிடித்த இன்ஜினீயர்கள்!

உள்ளே நினைத்த நேரத்துக்கு நுழைய முடியாது, பர்மிஷன் வேணும். ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருத்தர் பேச்சுக் கொடுத்தார். ரிட்டயர்டு சாப்பர்.

"காலேஜா தம்பி?"

"ஆமாங்கய்யா. இன்ஜினீயரிங்."

"அப்ப நீயும் தம்பிதான்" என்று சிரித்தார். "எங்க ரெஜிமென்ட்ல சோல்ஜருக்கே பேரு தம்பிதான். எந்த ஸ்டேட்காரன் வந்து சேர்ந்தாலும் தம்பி!"

அவருக்கும் சுபேதாரைத் தெரிஞ்சிருந்தது. "இத்தாலியில போனவருதானே" என்றார், ஏதோ சொந்தக்காரரைச் சொல்வது மாதிரி.

ஒரு வீர விருதின் கதையைத் தேடுவது டிடெக்டிவ் வேலை மாதிரி பாஸ். ஜார்ஜ் கிராஸ் பதக்கத்தைத் திருப்பினால் பின்பக்கம் வாங்கியவர் பெயரும், 'லண்டன் கெஜட்' அரசிதழில் விருது வெளியான தேதியும் இருக்கும். அந்தத் தேதிதான் முதல் க்ளூ. பழைய கெஜட் எல்லாம் இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. சுப்பிரமணியன் பெயர் வந்தது 1944 ஜூன் 30. இன்னும் ஆழமாகப் போகணும்னா, மேலதிகாரிகள் எழுதிய விருதுப் பரிந்துரைகள் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 'டபிள்யூ.ஓ. 373' என்ற வரிசையில் இருக்கின்றன.

ஆனா தேடுறப்ப ஒரு சிக்கல். விருதுப் பட்டியல்களில் அவர் வெறும் 'சுபேதார் சுப்பிரமணியன்'. இனிஷியல்கூட கிடையாது! இனிஷியல் இல்லாமல் நமக்கு ஹால் டிக்கெட்டே வராது. இங்கே ஒரு மனுஷனின் உயிரே ஒற்றைப் பெயரில் பதிவாகி இருக்கு. படைப்பிரிவு, ரேங்க், தேதி மூன்றையும் சேர்த்துப் போட்டுத் தேடினால்தான் ஆயிரம் சுப்பிரமணியன்களுக்கு நடுவில் இவர் வருவார்.

நடந்தது இதுதான். 1944 பிப்ரவரி. இத்தாலியில் மான்டி காஸினோ மலைக்காகக் கடும் சண்டை. 15-ம் தேதி மலை உச்சி மடாலயத்தைக் குண்டு போட்டுத் தகர்த்தார்கள். ஒன்பது நாள் கழித்து, 24-ம் தேதி, அதற்குத் தெற்கே மிக்னானோ என்ற ஊர்ப் பக்கம் சுப்பிரமணியன் ஆட்கள் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு வெடி கிளம்பிவிட்டது. கூட இருந்தவர்களைக் காப்பாற்ற, சுபேதார் அதன்மேல் பாய்ந்து தன் உடம்பால் மூடினார். அவ்வளவுதான். மற்றவர்கள் பிழைத்தார்கள்.

ஏன் விக்டோரியா கிராஸ் இல்லை? அது எதிரிக்கு நேருக்கு நேர் காட்டும் வீரத்துக்கு. எதிரி எதிரில் நிற்காத இடத்துத் துணிச்சலுக்காக 1940-ல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் ஏற்படுத்தியது ஜார்ஜ் கிராஸ். ரெண்டுக்கும் மரியாதை ஒன்றுதான். யாரையும் கொல்லாமல், காப்பாற்றியதற்காகவே சுப்பிரமணியனுக்குக் கிடைத்த விருது இது.

பெஞ்சில் உட்கார்ந்தபடி இன்ஜினீயரிங் மூளை ஓடிச்சு. அந்தப் போரில் புழங்கிய மெட்டல் டிடெக்டரை 1941 வாக்கில் வடிவமைத்தவர் போலந்து இன்ஜினீயர் கோசாட்ஸ்கி. அதை ஏமாற்ற ஜெர்மன்காரர்கள் மரப்பெட்டியில் கண்ணிவெடி செய்தார்கள். டிடெக்டர் சத்தமே போடாது. மண்டி போட்டு, பயனெட்டால் மண்ணைக் குத்திக் குத்திப் பார்க்கணும். எதிரியின் முள்வேலியைத் தகர்க்கும் 'பெங்களூர் டார்பிடோ' என்ற வெடிகுழாயை 1912-ல் கண்டுபிடித்ததும் இதே படைப்பிரிவின் கேப்டன் மெக்ளின்டாக்தான். வெடிமருந்தைப் பாடமாகவே படித்த கூட்டம் இது.

அங்கேதான் எனக்கு ஒன்று உறைத்தது. வெடி என்ன பண்ணும்னு தெரியாத ஆள் பதற்றத்தில் பாய்ந்திருந்தால் அது வேற. இவர் சுபேதார், தொழிலே இதுதான். என்ன ஆகும்னு மற்ற எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவர். தெரிந்தும் பாய்ந்தார். பரீட்சைக்காக மட்டும் நாம படிக்கிற ஃபார்முலாவை, அவர் உயிரைக் கொடுத்து உபயோகித்திருக்கிறார்.

கிளம்பும்போது பெரியவரிடம் கேட்டேன், "இப்பவும் அவரைப் பத்திப் பேசுவாங்களாய்யா?"

"அன்னிக்குப் பொழைச்சவன் வீட்ல பேசாம இருப்பாங்களா தம்பி?" என்றார்.

மக்களே, உங்க வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவோட பதக்கம் ஏதாவது கிடக்கா? பின்பக்கத்தையும் விளிம்பையும் துடைச்சுப் பாருங்க. பேரோ நம்பரோ தெரிஞ்சா, பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி வைங்க. முதல்ல இனிஷியலைக் கேளுங்க!