தலைக்குக் காவல்

எண் சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். எழுதிப் பிழைக்கிறவன் அதை மறுப்பானா? ஆனால், அந்தச் சிரசுக்குக் காவல் நிற்பவர்கள் யார் யார் என்று விசாரிக்கப் போனால், தலையின் கர்வம் சற்றே அடங்கிவிடுகிறது.

புதுச்சேரியில் வயதானவர்களைக் கேட்டால் சுங்கச் சாவடிக் கதை சொல்வார்கள். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி விலகும் முன், எல்லையைத் தாண்டி இந்திய மண்ணில் கால் வைக்கிறவர்கள் மூட்டையை அவிழ்த்துக் காட்டியாக வேண்டும். மூளைக்குள் ஓடும் ரத்தக் குழாய்களின் சுவரும் அப்படி ஒரு சாவடிதான். அங்கே உயிரணுக்கள் இடைவெளியில்லாமல் நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பிராணவாயுவுக்கும் சர்க்கரைக்கும் வழி உண்டு. கிருமிகளில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. 1885-ல் ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் பிராணிகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். மற்ற உறுப்புகளில் நிறம் ஏறியது. மூளை மட்டும் வெளுப்பாகவே இருந்தது.

சாவடியை ஏமாற்றி வந்தவனைப் பிடிக்க உள்ளேயும் ஆள் உண்டு. மைக்ரோகிளியா என்னும் அணுக்கள் மூளையிலேயே குடியிருந்து, அந்நியனைக் கண்டால் விழுங்கிவிடுகின்றன. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலும் காவலர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் எங்கே பயிற்சி பெற்றவர்கள் தெரியுமா? குடலில்! 2020-ல் எலிகளை வைத்து இதைக் கண்டுபிடித்தார்கள். குடலில் நுண்ணுயிர்களே இல்லாமல் வளர்த்த எலிகளின் மூளையுறையில் அந்தக் காவலர்கள் ஏறக்குறைய இல்லவே இல்லை. சிரசு பிரதானம்தான், ஆனால் அது வயிற்றின் தயவிலும் பிழைக்கிறது.

இத்தனை காவல் இருந்தும் சில சமயம் திருடன் புகுந்துவிடுகிறான். பாகூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாளின் மகனுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்தது. பன்றியிடமும் கொக்கிடமும் இருக்கும் கிருமியை, வயல் நீரில் பெருகும் கொசு மனிதனுக்குக் கொண்டுவருகிறது. இந்தியாவில் இந்த வியாதியை முதலில் அடையாளம் கண்டது வேலூரில், 1955-ல். பையன் பிழைத்துவிட்டான், பேச்சு திரும்பவில்லை.

"அதே கொசு ஊரையே கடிக்குதுங்களே ஐயா, எம் பிள்ளைக்கு மட்டும் ஏன்?" என்று கேட்டாள்.

கிருமி தொற்றிய 250 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் வியாதி முற்றுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்றவர்களை, அவர்கள் அறியாமலே, காவல் காப்பாற்றிவிடுகிறது. அந்த ஒருவனின் மூளைக்குள் கிருமி புகுந்துவிட்டாலோ, காவலர்கள் போடும் சண்டையிலேயே வீடும் சேதமாகிறது. மண்டையோட்டுக்குள் வீக்கத்துக்கு இடமேது?

இந்தக் கணக்கை ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. தடுப்பூசி என்பது திருடனின் முகத்தைக் காவல்காரனுக்கு முன்கூட்டியே காட்டிவைப்பது என்று மட்டும் சொன்னேன்.

"அப்போ சின்னவளுக்குப் போட்டுடறேங்க" என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.