காட்சி தனி, தூண் பொது

ஃபுளோரிடாவில் மயாமி பீச்சை ஒட்டி வடக்கே இருக்கிறது சர்ஃப்சைடு என்ற சின்ன ஊர். கிழக்கே அட்லான்டிக் கடல், மேற்கே பிஸ்கேன் விரிகுடா, நடுவே ஒடுங்கிய மணல்திட்டு. காலின்ஸ் அவென்யூ சாலையின் கடற்பக்கம் நெடுக அடுக்குமாடிகள். பால்கனிக் கதவைத் திறந்தால் கடல். லிஃப்டில் இறங்கினால் நீச்சல்குளம். ஓய்வு பெற்றவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்த வீடுகளுக்குக் காண்டோமினியம் என்று பெயர். சுவர்களுக்குள் இருப்பது உரிமையாளருக்குச் சொந்தம். தூணும் கூரையும் கார் நிறுத்துமிடமும் எல்லோருக்கும் பொது. பொதுவானதைக் கவனிக்க வீட்டுக்காரர்களே ஒரு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பெரிய பழுதுகளுக்குச் சேமநிதி ஒதுக்க வேண்டும் என்றது சட்டம். பெரும்பான்மையோர் ஓட்டுப் போட்டால் ஒதுக்காமலும் விடலாம் என்றது அதே சட்டம். மாதக் கட்டணம் கூடுவதை யார்தான் விரும்புவார்கள்?

அதற்குக் கொடுத்த விலை பயங்கரமானது. 1981இல் கட்டப்பட்டது சாம்ப்ளெய்ன் டவர்ஸ் சவுத். 12 மாடி, 136 வீடுகள். நீச்சல்குளத் தளத்துக்கு அடியில் கான்கிரீட் மோசமாகப் பழுதாகியிருப்பதாக 2018இலேயே பொறியாளர் எழுதிக் கொடுத்தார். செலவைப் பற்றி வாக்குவாதம் நீண்டது. 2019இல் குழுவில் பெரும்பான்மையோர் ராஜினாமா செய்தனர். 1.5 கோடி டாலர் வசூலிக்க முடிவானது 2021 ஏப்ரலில்தான். வீட்டுக்குக் குறைந்தது சுமார் 80,000 டாலர். கெடு ஜூலை 1. ஜூன் 24 பின்னிரவில், பெரும்பாலோர் தூங்கிக்கொண்டிருந்தபோது, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது. 98 பேர் பலி.

கடல்மட்ட உயர்வுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை. ஆனால் உப்புநீர் கான்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும்; கான்கிரீட் பிளக்கும். கடலும் நெருங்கி வருகிறது. அமெரிக்கக் கரைகளில் 2020 முதல் 2050க்குள் சராசரியாக 10 முதல் 12 அங்குலம் உயரும் என்பது அரசு விஞ்ஞானிகளின் 2022 கணிப்பு. இலையுதிர் காலப் பெருவோதத்தின்போது, மழையே இல்லாத நாளிலும், மயாமி பீச் தெருக்களில் வடிகால் வழியே தண்ணீர் மேலே வருகிறது. சுவர் எழுப்பித் தடுக்க வழியில்லை. அடியில் இருப்பது ஓட்டைகள் நிறைந்த சுண்ணாம்புப் பாறை. எனவே நகராட்சி பம்புகள் வைத்தது, சில தெருக்களை உயர்த்தியது. அங்கே பழைய கடைகளின் வாசல் தெருவுக்குக் கீழே போய்விட்டது.

2022இல் சட்டம் மாறியது. 3 மாடியும் அதற்கு மேலும் உள்ள கட்டடங்களுக்கு 30 ஆண்டில் கட்டாயப் பரிசோதனை. கடலோரத்தில் 25 ஆண்டிலேயே கேட்கலாம். தூண், கூரை போன்றவற்றுக்கான நிதியை ஓட்டுப் போட்டு இனி தவிர்க்க முடியாது. பாதுகாப்பு கூடியது, பில்லும் கூடியது. ஓய்வூதியத்தில் வாழும் பலர் கட்ட முடியாமல் தவிக்க, 2025இல் சில தளர்வுகள் வந்தன. பழைய கட்டடங்களை மொத்தமாக வாங்கி இடிக்க பில்டர்கள் காத்திருக்கிறார்கள்.

98 பேர் மாண்ட அந்த மனையை 2022இல் துபாய் நிறுவனம் ஒன்று 12 கோடி டாலருக்கு வாங்கியது. அங்கே வரப்போவதும் கடலைப் பார்த்த ஆடம்பர அடுக்குமாடிதான்.