இடது கையிலிருந்து ஒரு மசூர்க்கா

போலந்து இசையமைப்பாளர் ஷோப்பன் எழுதிய மசூர்க்காக்கள் ஐம்பதுக்கும் மேல். விரல் வேகம் கேட்பவை அவற்றில் குறைவுதான். பியானோவில் ஓரளவு தேறியவர்கள் பலவற்றைப் பார்த்த மாத்திரத்தில் வாசித்துவிடலாம். ஆனால் அப்படி வாசித்ததை ஒரு போலந்துக்காரர் மசூர்க்கா என்று ஏற்றுக்கொள்வாரா என்பது வேறு விஷயம். பாரிஸில் எனக்குச் சொல்லித்தரும் மதாம் வார்சாவில் பிறந்தவர். அவர் லேசில் ஏற்றுக்கொள்வதில்லை.

நான் கற்றுக்கொள்ளக் கேட்டது ஓபஸ் 17-இன் நான்காவது, ஏ மைனர் மசூர்க்கா. 1834-இல் அச்சானது. எத்தனையோ இரவுகள் பியானோ கலைஞர் ஹொரோவிட்ஸின் ஒலிப்பதிவில் அதைக் கேட்டிருக்கிறேன். என் மனதில் அது துயரமான, மெதுவான, தனிமையில் வாசிக்க வேண்டிய உருப்படி. அப்படியே வாசித்துக் காட்டினேன். மதாம் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "இதற்கு யாராவது ஆட முடியுமா?" என்று மட்டும் கேட்டார். பிறகு நாற்காலிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

மசூர்க்கா என்ற பெயருக்குள் போலந்தின் மூன்று கிராமத்து நடனங்கள் அடங்கியிருக்கின்றன. மசோவியா சமவெளியின் மசூர், அதைவிட நிதானமான குயாவியாக், சுழன்று சுழன்று ஆடும் ஓபெரெக். மூன்றுக்கும் மூன்றடித் தாளம். வால்ட்ஸிலும் மூன்றடிதான், ஆனால் அங்கே கனம் முதலடியில் விழும். இங்கே இரண்டாவதிலோ மூன்றாவதிலோ விழும், அதுவும் ஒரே பாட்டுக்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஷோப்பன் 1824, 1825 கோடை விடுமுறைகளை ஷாஃபார்னியா என்ற கிராமத்தில் கழித்தார், இந்த இசையை அங்கே நேரில் கேட்டார். 1830 நவம்பரில் நாட்டை விட்டுப் புறப்பட்டவர் திரும்பிப் போகவே இல்லை. பாரிஸில் இருந்துகொண்டு ஏறக்குறைய சாகும்வரை மசூர்க்கா எழுதிக்கொண்டிருந்தார்.

மதாம் காலால் காட்டினார். முதலடியில் உடம்பு லேசாக எழும்புகிறது, இரண்டாவதில் பாதம் தரையில் ஊன்றுகிறது, மூன்றாவதில் அந்த ஊன்றலிலிருந்து விடுபடுகிறது. ஊன்றிய பாதத்தைப் பிடுங்க ஒரு கணம் ஆகும் இல்லையா, அந்தக் கணத்தால் இரண்டாமடி சற்று நீள்கிறது. மெட்ரோனோமில் வைத்துப் பார்த்தால் அது பிசகு. ஆடுகிறவருக்கு அதுதான் தாளம்.

இந்த நீட்சி ஷோப்பன் வாழ்ந்த காலத்திலேயே சண்டையை மூட்டியிருக்கிறது. சார்ல்ஸ் ஹாலே என்ற பியானோ கலைஞர், நீங்கள் வாசிப்பது மூன்றடி அல்ல, நான்கடி என்று அவரிடமே சொன்னார். முதலில் மறுத்த ஷோப்பன், ஹாலே எண்ணிக் காட்டியதும் சிரித்துவிட்டு, எங்கள் நாட்டு நடனத்தின் குணம் அப்படி என்றாராம். ஆனால் ஓபெரா இசையமைப்பாளர் மயர்பேர் வந்தபோது சிரிப்பில் முடியவில்லை. லென்ஸ் என்ற மாணவர் ஓபஸ் 33-இன் சி மேஜர் மசூர்க்காவை வாசித்துக்கொண்டிருந்தார். உள்ளே நுழைந்த மயர்பேர், இது இரண்டடித் தாளம் என்றார். ஷோப்பனுக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்றடிதான் என்று தானே வாசித்துக் காட்டினார், மயர்பேர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. மயர்பேர் சாதாரணமான காது உள்ளவர் அல்ல. அவருக்கே எண்ணிக்கை தவறியது என்றால் ஷோப்பனின் கையில் அந்த அடிகள் எவ்வளவு தூரம் வளைந்திருக்க வேண்டும்! ஷோப்பன் 1842 முதல் குடியிருந்த ஸ்குவார் தோர்லேயான் வளாகம் ரூ தைத்பூ தெருவில் இன்றும் இருக்கிறது. அந்த முற்றத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சண்டைதான் ஞாபகத்துக்கு வருகிறது.

அந்த நடனப் பாடத்துக்குப் பிறகு வாரக்கணக்கில் இடது கை மட்டும். வலது கையை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் மதாம். இது அவர் சொந்தமாகக் கண்டுபிடித்த வழி அல்ல. இடது கைதான் வாத்தியக் குழுவின் நடத்துநர், அது நிலைகுலையக் கூடாது, வலது கை அதன்மேல் தன்னிஷ்டம்போல் முன்பின்னாகப் போகலாம் என்று ஷோப்பன் சொல்லிக்கொடுத்ததை லென்ஸ், மிக்கூலி போன்ற மாணவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இந்த ஏ மைனரில் இடது கை வேலை வெளிப்பார்வைக்கு எளிது. கார்டுகள் செமிடோன் செமிடோனாகக் கீழே இறங்கும். கையைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு கார்டையும் புதிதாக அடித்தால் அது படிக்கட்டில் இறங்குவது போலத் தடதடக்கும். ஒரு கார்டிலிருந்து அடுத்ததற்குப் போகும்போது எல்லாச் சுரமும் மாறுவதில்லை. மாறாத சுரத்தின் மேல் இருக்கும் விரல் சாவியை விட்டு எழவே கூடாது, மாறுகிற சுரத்தின் விரல் மட்டும் பக்கத்துச் சாவிக்கு நகர வேண்டும். மதாம் என் விரல்களின்மேல் தன் விரல்களை லேசாக வைத்துக்கொள்வார், அநாவசியமாக ஒன்று எழுந்தால் உடனே தெரிந்துவிடும். விரல்கள் அடங்கிய பிறகு அந்த இறக்கம் தனித்தனி கார்டுகளாகக் கேட்பது நின்றது. உள்ளே ஒரு குரல் வழுக்கிக்கொண்டே போவது கேட்டது. இத்தனை வருடம் கேட்ட உருப்படியில் இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது.

வலது கையைத் திருப்பிக் கொடுத்தபோது, வாசிக்காதீர்கள், பாடுங்கள் என்றார். அதற்கும் நியாயம் உண்டு. ஓபஸ் 17 முழுவதும் லீனா ஃப்ரெப்பா என்ற பாட்டு ஆசிரியைக்குச் சமர்ப்பணம் செய்யப்பட்டது. பாரிஸில் அவர் வீட்டு மாலைகளில் ஷோப்பனும் இத்தாலிய ஓபெராவின் பெல்லினியும் கூடி இசையில் மூழ்கியிருந்திருக்கிறார்கள். நல்ல பாடகர்களைப் போய்க் கேளுங்கள் என்று ஷோப்பன் மாணவர்களை விரட்டிக்கொண்டே இருந்தார். இந்த மெட்டில் சிறு எழுத்தில் அச்சிட்ட அலங்காரச் சுரங்கள் கொத்துக் கொத்தாக வரும். இடது கையின் மூன்றடிக்குள் அவற்றைக் கணக்காகப் பங்கிட்டால் உயிர் போய்விடும். மதாமின் வழி இது: முதல் சுரம் இடது கையின் பேஸோடு சேர்ந்து விழ வேண்டும், தொடக்கத்தில் சற்றுத் தயக்கம், போகப் போக வேகம், முடிவில் மூச்சு தீர்வதற்குள் போய்ச் சேர்தல். முதல் சுரத்தைப் பேஸோடு சேர்ப்பது ஷோப்பனே செய்ததுதான். மாணவர்களின் பிரதிகளில் அலங்காரத்தின் முதல் சுரத்தையும் பேஸையும் இணைத்துப் பென்சிலால் கோடு இழுத்திருக்கிறார்.

நடுப்பகுதி ஏ மேஜருக்கு மாறும். இடது கையில் ஏ, ஈ என்ற இரண்டு சுரங்கள் விடாமல் ஒலிக்கும். நமக்கு அது ஸ-ப சுருதி, போலந்துக் கிராமத்துக்கு அது துருத்திக் குழலின் ஓசை. இங்கே பெடலை அழுத்தியே வைத்திருக்கத் தோன்றும். ஷோப்பன் விரும்பிய பிளேயல் பியானோவில் ஒலி சீக்கிரம் மெலிந்துவிடும், இன்றைய பெரிய பியானோவில் அது கூடத்தை நிறைத்துக்கொண்டு நிற்கும். ஆகவே பெடலைப் பாதி மட்டும் எடுத்து, ஓசையைக் கொஞ்சம் கசியவிட்டுப் பிடிக்கக் கற்றுக்கொண்டேன். இதைச் சொல்லித்தர முடியாது, பாதம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேகத்தில்தான் எனக்கும் மதாமுக்கும் இன்னும் தீராத வழக்கு. ஸ்கோரில் மேலே 'லெந்தோ' என்றிருக்கிறது, மிக மெதுவாக வேண்டாம் என்ற எச்சரிக்கையோடு. பக்கத்திலேயே மெட்ரோனோம் குறி: நிமிடத்துக்கு 152 அடி. இன்று மேடையில் கேட்கும் வேகம் பெரும்பாலும் அதற்கு வெகுதூரம் கீழே. மதாம் 152-ஐ அப்படியே நம்புகிறார். எனக்கோ அந்த வேகத்தில் முதல் நான்கு பார்களில் மூச்சு முட்டுகிறது. ஆனால் ஹொரோவிட்ஸின் நிதானத்துக்கும் என்னால் இனித் திரும்ப முடியவில்லை. அந்த ஒலிப்பதிவை இன்றும் நேசிக்கிறேன், ஆனால் அதில் பாதம் ஊன்றும் இடம் என் காலுக்குக் கிடைப்பதில்லை. பியானோ கலைஞர் இக்னாஸ் ஃப்ரீட்மன் பதிவு செய்த மசூர்க்காக்களைக் கேட்டால் நான் சொல்வது புரியும். அவர் எவ்வளவு இழுத்தாலும் ஆடுகிறவர் தடுமாற மாட்டார்.

அந்த முதல் நான்கு பார்கள் ஒரு தனி உலகம். ஒவ்வொரு கார்டிலும் கீழே ஏ, மேலே எஃப், இரண்டும் அசைவதில்லை. நடுவில் ஒரே ஒரு சுரம் பி, சி, டி என்று நடக்கிறது. எந்த ஸ்கேலில் இருக்கிறோம் என்று கேட்பவருக்கு இன்னும் தெரியாது. வெளிச் சுரங்கள் இரண்டையும் சாவியின் பாதி ஆழத்தில் அடக்கி, நடுச்சுரத்தை மட்டும் அடிவரை இறக்க வேண்டும். முடிவிலும் இதே பார்கள் திரும்பி வந்து, ஏ மைனருக்குப் போய்ச் சேராமல் எஃப் மேஜர் கார்டில், அதுவும் ஏ கீழே இருக்கிற நிலையில், நின்றுவிடுகின்றன. அந்தக் கடைசி கார்டை மிகவும் மெதுவாக்கி, முடிவு போலப் பாவித்து வாசிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை. வழி முடியாத இடத்தில் வழி முடிந்ததாகக் காட்டக் கூடாது. நேரத்தில் வாசித்து, நேரத்தில் கையை எடுத்துவிடுகிறேன். இந்த ஒன்றை மதாம் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார்.

இப்போது ஓபஸ் 24-இன் இரண்டாவதைக் கொடுத்திருக்கிறார். அதில் எஃப்-ஐ ஆதாரமாகக் கொண்ட ஒரு பகுதியில் பி ஃபிளாட் வர வேண்டிய இடத்தில் பி நேச்சுரல் வருகிறது. மற்ற மாணவர்கள் அந்தச் சுரத்தைக் கண்டதும் விசேஷமாக அழுத்திவிடுவார்களாம், கிராமத்துப் பிடில்காரருக்கு அது புழங்கிய சுரம் என்று சொல்லிச் சொல்லி மதாமுக்கு அலுத்துவிட்டது. நான் அழுத்தவில்லை. ஏன் என்று கேட்டார். எஃப்-ஐ ஷட்ஜமாக வைத்துக் கல்யாணியின் ஆரோகணத்தைப் பாடிக் காட்டினேன். பிரதி மத்தியமத்தில் ஒருமுறை நிறுத்தச் சொல்லி, அதே சுரத்தைப் பியானோவில் தொட்டுப் பார்த்தார். பிறகு என் ஸ்கோரை எடுத்து, அந்த பி-க்கு மேல் எப்போதும் போடும் பென்சில் வட்டத்தைப் போடாமல் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.