விதி வருமுன் செய்த வேலை

தர நிர்ணயம் முடியாத ஒரு தொழில்நுட்பத்தை வாடிக்கையாளருடைய தளத்தில் பிரயோகிக்கலாமா என்று இளைய சகாக்கள் கேட்கும்போதெல்லாம், 'இறுதிப் பரிந்துரை வரும்வரை பொறுத்திரு' என்று பெரிய மனுஷத் தோரணையில் சொல்லிவிட எனக்கும் ஆசைதான்; ஆனால் அப்படிப் பொறுத்திருந்தால், 1990களின் இறுதியில் இந்தப் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஒரு தமிழ்ப் பக்கத்தைக்கூட நான் செய்திருக்க முடியாது என்ற நினைவு வந்து வாயை அடைத்துவிடுகிறது.

யூனிகோடில் தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் ஒதுக்கியாகிவிட்டது என்றாலும், அதைத் திரையில் ஒழுங்காக எழுதிக் காட்டும் சக்தி, விண்டோஸ் 2000 லதா எழுத்துருவோடு வந்து சேரும் வரையில், எங்கள் மேசைக் கணினிகளுக்கு இருக்கவில்லை. ஆகவே, பல தேசங்களில் சிதறியிருந்த தமிழர்கள் மின்னஞ்சலிலேயே தர்க்கித்து உருவாக்கிய திஸ்கி என்னும் குறிமுறையை, அது எந்த அதிகாரபூர்வமான பதிவேட்டிலும் ஏறாத காலத்திலேயே கையாளத் தொடங்கினோம். நடுவே, 1999இல் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்று வேறு இரண்டு குறிமுறைகள் தமிழக அரசின் அங்கீகாரத்தோடு புறப்பட்டு வந்தன. திஸ்கி சர்வதேசப் பதிவேட்டில் இடம்பெற்றது 2007இல்; அதற்குள் எங்களில் பெரும்பாலோர் யூனிகோடுக்குக் குடிபெயர்ந்துவிட்டோம்!

எழுத்துருவை இறக்கி நிறுவிக்கொள்ளும் சிரமத்தை வாசகருக்கு வைக்காமல், பக்கத்தோடு சேர்த்தே அனுப்பும் உபாயத்தை 1997இல் வந்த நெட்ஸ்கேப் 4, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ஆகிய இரண்டு உலாவிகளுமே தந்தன. முன்னது பி.எஃப்.ஆர். கோப்பைக் கேட்கும், பின்னது இ.ஓ.டி. கோப்பைத் தவிர வேறெதையும் தொடாது. இரண்டையும் தயாரித்து வைப்போம். எந்த டொமைனுக்கென்று முத்திரை குத்தினோமோ அங்கே மட்டும்தான் அவை வேலை செய்யும் என்பதால், தளம் வேறு முகவரிக்கு மாறிய மறுகணமே தமிழெல்லாம் கொம்பும் வாலும் முளைத்த லத்தீன் எழுத்துகளாகிவிடும். 1998 மே மாதம், வலைப்பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் விதிகளின் இரண்டாம் பதிப்பான சிஎஸ்எஸ் 2 இந்த உபாயத்துக்கு விதியின் அந்தஸ்தைக் கொடுத்தது. அப்பாடா என்று இருந்தோம். இரண்டே வருஷத்தில் நெட்ஸ்கேப் 6 தன் முறையைக் கைவிட்டது. பிற்பாடு வந்த சிஎஸ்எஸ் 2.1, விதியையே எடுத்துவிட்டது. இறுதிப் பரிந்துரை என்ற முத்திரையிடம் எனக்கு அளவு கடந்த பக்தி ஏற்படாமற் போனதற்கு இதுவே காரணம்.

பிரெஞ்சும் தமிழும் ஒரே பக்கத்தில் வாழவேண்டிய இந்த ஊரில் எங்களுக்கென்று ஒரு பிரத்தியேகத் தொல்லையும் இருந்தது. 'காஃபே' என்ற சொல்லின் கடைசியில் தலைமேல் சாய்கோடு தாங்கி நிற்கும் எழுத்துக்கு லத்தீன் குறிமுறையில் 233ஆம் எண். திஸ்கியில் அதே எண்ணில் வீற்றிருப்பது 'ளூ'. எழுத்துரு இன்னதென்று குறிக்கும் ஃபான்ட் டேக் ஒன்று விட்டுப்போனால் போதும், காஃபே 'காஃப்ளூ' ஆகிவிடும். குல்லாய் போட்ட 'ஓ' எல்லாம் 'ப்' ஆகும். எங்கள் வாடிக்கையாளரோ கடற்கரைப் பக்கத்து விடுதிக்காரர்கள்! திஸ்கியின் 1.6ஆம் பதிப்பில் 'இ' இருந்த 173ஆம் இடம், லத்தீன் குறிமுறையில், வரி உடையும்போது மட்டும் தலைகாட்டும் மறை இணைப்புக்கோட்டுக்கு உரியது. சில மென்பொருள்கள் அதை விழுங்கிவிட, 'இந்த' என்பது 'ந்த' என்று மொட்டையாக நிற்கும். 1.7ஆம் பதிப்பில் 'இ'க்கு 254இல் இடம் கொடுத்து அதைச் சரிசெய்தார்கள்.

பி.எஃப்.ஆர். மாண்டபோது எங்களுக்குப் பெரிய நஷ்டம் எதுவும் நேரவில்லை. இரண்டு வரிகளை அழித்து வேறு இரண்டு வரிகளை எழுதினோம், அவ்வளவே. குறிமுறை அப்படியல்ல. யூனிகோடுக்கு மாற்றும் நிரல் எழுதுவது சுலபம். ஆனால் 233 என்ற எண் பிரெஞ்சு எழுத்தா, தமிழ் 'ளூ'வா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதைச் சுற்றியிருந்த ஃபான்ட் டேக்தான். அந்த டேக் இல்லாமல் உரையை மட்டும் தகவல்தளத்தில் சேமித்திருந்த இடங்களில் சாட்சியும் இல்லை. மனிதர் ஒருவர் உட்கார்ந்து வரிவரியாக வாசித்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. முடிவாகாத விதி தோற்றத்தோடு நின்றுவிட்டால் அதன் மரணம் சாதாரணச் செலவு. சேமிப்புக்குள் நுழைந்துவிட்டாலோ அது சந்ததிக்குப் போகும் கடன் என்ற அபிப்பிராயம் எனக்கு அப்போதுதான் உறுதிப்பட்டது.

இந்த ஊர்க்காரனுக்கு இதில் வியப்பதற்கு அதிகம் இல்லை. புதுச்சேரியின் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1ஆம் தேதி. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956இல். சட்டப்படி அது பூர்த்தியானதோ 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். இடைப்பட்ட எட்டு வருஷ காலமும் பள்ளிக்கூடம் நடந்தது, வரி வசூலாயிற்று, தபால் வந்தது. பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் இறங்கிப்போகிற குடியுரிமைப் பிரச்சினை மட்டும் ஒப்பந்தம் அமலுக்கு வரும்வரை காத்திருந்தது; பிரெஞ்சுப் பிரஜையாக நீடிக்க விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் அதைத் தெரிவிக்கும்படியாயிற்று.

பக்கத்தின் பகுதிகளை அடுக்கிவைக்கும் சிஎஸ்எஸ் முறையான ஃப்ளெக்ஸ்பாக்ஸ் 2009இலிருந்து 2012க்குள் மூன்று விதமாக உருமாறியபோது, மூன்று வடிவங்களையும் அடுக்கி எழுதிச் சமாளித்தோம்; கை வலித்ததே தவிர யாருடைய எழுத்தும் கெடவில்லை. எழுத்துருவைப் பக்கத்தோடு அனுப்பும் விதியை 2008இல் சஃபாரியும் அடுத்த ஆண்டில் ஃபயர்ஃபாக்ஸும் மறுபடி உயிர்ப்பித்தன. அதற்கான சிஎஸ்எஸ் ஃபான்ட்ஸ் 3 இறுதிப் பரிந்துரையானது 2018 செப்டம்பரில். எங்கள் அலுவலகத்தில் யாரும் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

அண்மையில் ஒரு தம்பி, இன்னும் வரைவு நிலையிலிருக்கும் அசைவு வித்தை ஒன்றைக் காட்டி, 'போடலாமா, சார்?' என்று கேட்டார். தாராளமாகப் போடுங்கள் என்றேன். படிவத்தில் வரும் பெயர், முகவரிகளைச் சேமிக்கவும் அந்த வித்தையைத் தந்த நிரல் நூலகத்தின் புது வடிவத்தையே உபயோகிக்கலாம் என்று அவர் உற்சாகத்தோடு தொடர்ந்தபோது, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைப் பற்றி அரை நாள் பேச வேண்டியதாயிற்று.