உலகத்தை ஊருக்கு அழைக்கும் கல்லூரிகள்



"வெளிநாட்டுப் படிப்பு" என்பது இன்று நம் பங்குக் குடும்பங்களில் அன்றாடம் அடிபடும் சொல்லாகிவிட்டது. பெண் கேட்கும் பேச்சிலும் அது உண்டு. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்று பேசும் பெற்றோர் வாயிலும் அது உண்டு. அச்சொல்லைக் கேட்டதும் நம் மனக்கண்முன் எழுபவை மூன்று: வங்கிக் கடன், விசா, விமானம். பிள்ளை போய்விட்டால் கல்வி நிறைவேறிற்று என்றும், போகாவிட்டால் வாழ்வே தவறிற்று என்றும் எண்ணுகின்றோம். ஆனால் போகின்றவர் ஒருவர். வீட்டில் இருப்பவர் பலர். அந்தப் பலருக்கு உலகக் கல்வியில் பங்கே இல்லையா?

இக்கேள்வியைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டவர் சிலரை நாம் அறிவோம். அவர்கள் புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களின் பெருந்தலைவர்கள் அல்லர். அமெரிக்க நாட்டில் எளியோர் படிக்கும் சமுதாயக் கல்லூரிகளை நடத்துபவர்கள். அவர்களுடைய உழைப்பு நமக்கும் ஒரு பாடம் என்று எண்ணியே இதனை எழுதத் துணிந்தோம்.

ஊருக்கென எழுந்த கல்லூரி

இல்லினாய் மாநிலத்தில், சிக்காகோ நகருக்குத் தென்மேற்கே, ஜோலியட் என்றோர் ஊர் உள்ளது. அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைவர் ஸ்டான்லி பிரவுன் என்பாரும், சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர் என்பாரும் சேர்ந்து 1901-ஆம் ஆண்டு புதிய முயற்சி ஒன்றைத் தொடங்கினர். வீட்டைவிட்டுத் தொலைவு செல்ல வசதியில்லாத பிள்ளைகள், பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு ஆண்டுப் பாடங்களைத் தம் ஊரிலேயே படிக்கட்டும் என்பதே அவர்கள் நோக்கம். முதலில் சேர்ந்தோர் 6 பேர். இன்று அந்நாட்டில் சமுதாயக் கல்லூரிகள் ஏறத்தாழ 1,000 உள்ளன.

இங்கே சேர்வதற்குப் பெரும் போட்டி இல்லை, கட்டணமும் குறைவு. செவிலியர் பணி, பற்றவைப்பு, மோட்டார் பழுதுபார்ப்பு, கணக்கு எழுதுதல் போன்ற தொழில்களும் கற்பிக்கப்படும். இரண்டு ஆண்டு முடித்து அசோசியேட் பட்டம் பெற்றவர், பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டில் சேரவும் வழியுண்டு. பகலில் வேலை, இரவில் வகுப்பு என்று படிப்போரும், பிள்ளை பெற்ற தாய்மாரும், தம் குடும்பத்தில் முதன்முதல் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் இங்கே மிகுதி.

ஊருக்கென எழுந்த கல்லூரிக்கு உலகம் எதற்கு என்று கேட்கலாம். இரண்டு பெரும் போர்களின் அழிவைக் கண்ட தலைமுறை இதற்கு விடை கூறிற்று. அதிபர் ட்ரூமன் 1946-இல் அமைத்த உயர்கல்விக் குழு, அடுத்த ஆண்டு தன் அறிக்கையை வெளியிட்டது. சமுதாயக் கல்லூரி என்ற பெயர் நாடெங்கும் பரவியது அவ்வறிக்கையால்தான். உயர்கல்விக்கு அது வகுத்த தலையாய குறிக்கோள்கள் மூன்றனுள் ஒன்று, நாடுகளுக்கிடையே புரிதலும் ஒத்துழைப்பும் வளர்தல். 1976-இல் சில கல்லூரிகளின் தலைவர்கள் ஒன்றுகூடி, பன்னாட்டு வளர்ச்சிக்கான சமுதாயக் கல்லூரிகள் என்ற கூட்டமைப்பை உருவாக்கினர். உலகறிவு வசதி படைத்தோர்க்கு மட்டும் உரிய ஆடம்பரப் பொருள் அன்று என்பது இவர்கள் கொள்கை.

நாம் கண்டது

2016-ஆம் ஆண்டு, ஆயரவர்களின் இசைவுடன் படிப்பு விடுப்பில் சென்று, இல்லினாய் மாநிலத்துச் சிற்றூர்ப் பங்கு ஒன்றில் ஆறு மாதம் தங்கியிருந்தோம். கண்ணுக்கெட்டிய தூரம் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் சமவெளி அது. பங்கு மக்களுள் ஓர் அம்மையார், அருகிலிருந்த சமுதாயக் கல்லூரியில் பன்னாட்டுக் கல்விப் பிரிவின் பொறுப்பாளராக இருந்தார். தம் அலுவலகம் என்று அவர் காட்டியது ஒரே ஓர் அறை. சுவரில் ஓர் உலகப் படம். உதவிக்கு அரைநாள் மட்டும் வரும் ஒரு பணியாளர்.

அம்மாநிலத்தில் இத்தகைய கல்லூரியை ஆள்வது, பெரும்பாலும் வாக்காளர் தேர்ந்தெடுக்கும் 7 பேர் கொண்ட குழு. அவர்களுக்கு ஊதியம் கிடையாது. உழவரும் கடைக்காரரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அக்குழுவில் இருப்பர். ஊரார் கட்டும் சொத்துவரியின் ஒரு பகுதி கல்லூரிக்குச் செல்கின்றது. ஆகவே, "நம் வரிப்பணத்தில் அயல்நாட்டு விவகாரம் எதற்கு?" என்ற கேள்வி ஆண்டுதோறும் எழும். நியாயமான கேள்விதான். அதற்குத் தாம் தரும் மறுமொழியை அம்மையார் சிரித்துக்கொண்டே கூறினார்:

"உங்கள் சோயா கப்பலேறி எந்தெந்த நாட்டிற்குப் போகிறது? உங்கள் நெஞ்சைச் சோதித்த டாக்டர் எங்கே பிறந்தவர்? நம் கோயிலில் பூசை வைக்கவே இந்தியாவிலிருந்து ஒரு குரு வந்திருக்கிறாரே! உலகம் நம் வாசலுக்கு வந்தாயிற்று. அதனோடு பேசத் தெரியாதவர்களாக நம் பிள்ளைகளை வளர்ப்பதா?"

நாமும் சிரித்தோம். எனினும் அச்சொல்லின் கனத்தை உணராமல் இல்லை.

அக்கல்லூரியில் அப்போது கானா நாட்டுப் பெண்ணொருத்தி படித்துக்கொண்டிருந்தாள். 2007-இல் அமெரிக்க அரசு தொடங்கிய திட்டம் ஒன்றின்கீழ் வந்தவள். இந்தியா, இந்தோனேசியா, கானா போன்ற நாடுகளின் இளைஞர்களை ஓராண்டளவு சமுதாயக் கல்லூரியில் படிக்க வைத்து, அவரவர் நாட்டிற்கே திருப்பி அனுப்புவது அத்திட்டத்தின் முறையாக இருந்தது. படிப்போடு தொண்டும் செய்யவேண்டும் என்பதால், அவள் வாரந்தோறும் ஒரு முதியோர் இல்லத்திற்குச் சென்றாள். அவ்வில்லத்தில் இரவுப் பணி செய்து பகலில் செவிலியர் படிப்புப் படித்த ஒரு தாய் நம் பங்கில் இருந்தார். மாநில எல்லையைத் தாண்டியறியாதவர். ஒருநாள் அவர் நம்மிடம் சொன்னார்: "ஃபாதர், அந்தப் பெண், வயதானவர் யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்கிறாள். எட்டு ஆண்டுகளாக நான் இவர்களுக்கு மருந்து கொடுக்கிறேன். ஒருநாளும் எழுந்து நின்றதில்லை. இப்போது நிற்கிறேன்."

விமானம் ஏறாமலே அத்தாய் பெற்ற கல்வி அது. அதனை எந்தச் சான்றிதழிலும் எழுத இயலாது.

போக இயலாதவர்க்கு வழி

சமுதாயக் கல்லூரி மாணவருள் ஓராண்டில் அயல்நாடு சென்று படிப்போர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. வேலையை விட முடியாது. குழந்தையை விட்டுச்செல்ல இயலாது. கையில் பணமும் இல்லை. ஆகவே தலைவர்கள் வேறு வழிகளைத் தேடினர். ஓராண்டுப் பயணத்தை இரண்டு மூன்று வாரமாகச் சுருக்கினர். செவிலியர் பாடத்தில், குடியேறி வந்தோரின் உணவுப் பழக்கத்தையும் நம்பிக்கைகளையும் சேர்த்தனர்.

பின்னர் கணினி துணைக்கு வந்தது. நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் ரூபின் என்பாரின் முயற்சியால், 2006-இல் இதற்கென ஒரு மையம் அங்கே எழுந்தது. இரு நாட்டு ஆசிரியர் இருவர் கலந்து பேசி, தம் வகுப்புகளுக்குப் பொதுவான ஒரு வேலையைத் தருவர். இரு நாட்டு மாணவரும் சில வாரங்கள் திரைவழியே கூடி அதனைச் செய்து முடிப்பர். நேரில் காண்பதற்கு இது ஈடாகாது என்பர் சிலர். உண்மைதான், கஞ்சி விருந்தாகாது. ஆனால் பசித்தவனுக்கு அதுவே உயிர் என்பதும் உண்மையன்றோ?

கணக்கேடு இரண்டு

இப்பணியில் ஒரு சோதனையும் உண்டு. அயல்நாட்டு மாணவர், உள்ளூர் மாணவரைவிட மிகுந்த கட்டணம் செலுத்துகின்றனர். உள்ளூர்ச் சேர்க்கை குறைந்து நிதி நெருக்கடி வரும்போது, வந்த பிள்ளையை விருந்தினராகக் காணாமல் வருவாயாகக் காணும் மனம் எளிதில் உண்டாகிவிடும். அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் 2018-19-இல் 86,000 அளவில் இருந்த அயல்நாட்டு மாணவர் தொகை, பெருந்தொற்றினால் சரிந்து, 2023-24-இல் 59,000 அளவில்தான் நின்றது. தொகையை மட்டும் பார்ப்பவருக்கு இது நட்டக்கணக்கு.

நாம் கண்ட அம்மையார் இரண்டு கணக்கேடுகள் வைத்திருந்தார். ஒன்று, கல்லூரிப் பொருளாளருக்குக் காட்டுவது. மற்றொன்று, தமக்காக எழுதியது. அந்த ஆண்டில் எத்தனை குடும்பங்கள் தம் உணவு மேசையில் அயல்நாட்டுப் பிள்ளைக்கு இடம் கொடுத்தன என்பதே அதிலிருந்த கணக்கு. நல்ல தலைவர் யார் என்பதற்கு இதைவிடச் சிறந்த அளவுகோல் வேண்டுமோ?

நம் மண்ணில்

ஜோலியட்டில் விதைத்த விதை கடல் கடந்து நம்மிடமும் வந்தது. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இல் ஒரு சமுதாயக் கல்லூரியைத் தொடங்கிற்று. 1996-இல் சென்னை மயிலை உயர்மறைமாவட்டம் சென்னையில் மற்றொன்றை நிறுவியது. இயேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் அவர்களின் முயற்சியால், 1999-இல் இவற்றுக்கென ஓர் ஆய்வு வளர்ச்சி மையமும் சென்னையில் எழுந்தது. பள்ளியை இடையில் விட்டவர்க்கும் ஏழைப் பெண்களுக்கும் வாழ்க்கைத் திறன், தொழில் திறன், பணியிடப் பயிற்சி, வேலைக்கு ஆயத்தம் ஆகியவற்றைத் தருவது இதன் அமைப்பு. அமெரிக்கக் கருத்தை அப்படியே பெயர்த்து நடாமல், நம் நிலத்துக்கேற்ப மாற்றி நட்டார்கள். விசா வாங்காத ஏழைப் பெண்ணுக்கும் உலகக் கல்வியின் பயன் இவ்வாறு வந்து சேர்ந்தது.

பெற்றோருக்கு ஒரு சொல்

சென்ற ஆண்டு தாய் ஒருவர் நம்மிடம் வந்து, "சாமி, வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்தால் பிள்ளை கரையேறிவிடுவானா?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த முகவரின் விளம்பரத் தாள், அங்கே வேலை செய்தே கட்டணம் கட்டிவிடலாம் என்றது. போகவேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அறிந்து போகட்டும் என்றே சொன்னோம். மாணவர் விசாவில் செல்பவர், வகுப்பு நடக்கும் காலத்தில் கல்லூரி வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரைதான் வேலை செய்யலாம்; முதல் ஆண்டில் வெளி வேலைக்கு இசைவு இல்லை. அதைக்கொண்டு கடன் அடைக்க இயலாது. குறைந்த செலவில் தொடங்கச் சமுதாயக் கல்லூரி நல்வழியே. எனினும் அக்கல்லூரி முறையான அங்கீகாரம் பெற்றதா, அதன் பாடங்களை ஏற்கும் பல்கலைக்கழகம் எது என்பதை எழுத்தில் கேட்டறிந்த பின்னரே பத்திரத்தைத் தொடவேண்டும். அத்தாய் வீடு திரும்பி மகனுடன் அமர்ந்து அக்கேள்விகளை எழுதினார். விடைகள் வந்துகொண்டிருக்கின்றன, பத்திரம் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றது.

அன்பர்களே, போகின்ற பிள்ளையை ஆசீர்வதித்து அனுப்புவோம். அதே வேளையில் வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் உலகத்தைக் காட்டுவோம். அதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டுவதில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த இளைஞர்கள் நம் தெருவிலேயே கட்டட வேலை செய்கின்றனர். அவர்களுடைய பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா? அவர்களுள் ஒருவரையேனும் வரும் ஞாயிறு மதிய உணவுக்கு நம் வீட்டிற்கு அழைப்போம். சோறு பரிமாறும் வேலையைப் பிள்ளைகளிடம் விடுவோம்.