600 கிலோவுக்குள் இருவர்

2004-இல் அமெரிக்க விமானத் துறை இலகு விளையாட்டு விமானங்களுக்கு வகுத்த விதி: மொத்த எடை 600 கிலோவுக்குள், உச்ச வேகம் 120 நாட்டுக்குள், ஃபிளாப் இறக்காமலே ஸ்டால் வேகம் (இறக்கை தூக்குதிறனை இழக்கும் வேகம்) 45 நாட்டுக்குள். இருக்கை இரண்டு, எஞ்சின் ஒன்று, மடங்காத சக்கரம்.

•

கணக்குப் போட்டால் இறக்கையின் பரப்பு தானாகவே வந்துவிடுகிறது. 45 நாட் என்றால் நொடிக்கு 23 மீட்டர். அந்த வேகத்தில் கடல்மட்டக் காற்று சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 33 கிலோ அழுத்தும். நல்ல இறக்கை அதைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 50 கிலோ தூக்கும். 600-ஐ 50-ஆல் வகுத்தால் 12 சதுர மீட்டர். இந்த விதிக்கேற்ப வந்த செஸ்னா 162 ஸ்கைகேட்சரின் இறக்கை 11.1. இந்த நெருக்கம் எனக்கு அலுப்பதே இல்லை.

•

இருக்கைகள் பக்கம் பக்கமாக, எடைமையத்தை ஒட்டி. பயிற்சியாளர் இறங்கி மாணவர் தனியாகப் பறந்தாலும் சமநிலை பெரிதாக மாறாது. எரிபொருள் இறக்கையில் இருப்பதற்கும் அதுவே காரணம்.

•

ஸ்கைகேட்சரின் வெற்று எடை சுமார் 378 கிலோ. தொட்டி நிரப்பினால் 65 கிலோ. மிச்சம் 157. வாட்டசாட்டமான இருவர் ஏறினால் பைக்கு இடமில்லை. நூறு குதிரைத்திறன் தரும் ரோட்டாக்ஸ் 912 எஞ்சினைப் பூட்டியிருந்தால் எடை கணிசமாக மிஞ்சியிருக்கும். அது சிறிய எஞ்சின். நிமிடத்துக்கு 5800 சுற்றில் ஓடி, பல்சக்கரம் வழியே வேகத்தைக் குறைத்து விசிறிக்குத் தரும். செஸ்னா எடுத்ததோ கான்டினென்டல் ஓ-200. பழைய செஸ்னா 150-இல் இருந்த குடும்பம், அமெரிக்கப் பறப்புப் பள்ளி மெக்கானிக்குகளின் கைக்குப் பழகியது. காரணம் புரிகிறது. ஆனாலும் இந்த வகுப்பில் ஒவ்வொரு கிலோவும் பயணியிடமிருந்து பிடுங்கியது. நானாக இருந்தால் ரோட்டாக்ஸைத்தான் எடுத்திருப்பேன்.

•

ஸ்பின். 2008 செப்டம்பரில் ஸ்கைகேட்சரின் சோதனை விமானம் தட்டையாகச் சுழன்று மீளவில்லை. விமானத்தின் பாராசூட்டும் விரியவில்லை. விமானி குதித்துத் தப்பினார். வாலைத் திருத்தினார்கள். 2009 மார்ச்சில் மறுபடியும் ஸ்பின். இம்முறை பாராசூட் விரிந்து விமானி பிழைத்தார். வால் மீண்டும் மாறியது. இந்த வகுப்பின் தரவிதி கேட்காத அளவுக்குச் செஸ்னா சோதித்ததால்தான் இவை வெளிப்பட்டன. இப்படிச் சோதிக்கும் விமானிகள் மீது எனக்குப் பெரும் மரியாதை. ஸ்டாலும் ஸ்பின்னும் பழகப்போகும் மாணவனுக்காகத்தான் அவர்கள் அந்தச் சுழலுக்குள் போகிறார்கள்.

•

2013-இல் ஸ்கைகேட்சரின் உற்பத்தி நின்றது.

•

2025 ஜூலையில் அறிவித்த புதிய அமெரிக்க விதி எடை வரம்பையே எடுத்துவிட்டது. புதிதாகச் சான்று பெறும் விமானங்களுக்கு, தரையிறங்கும் நிலையில் ஸ்டால் வேகம் 61 நாட்டைத் தாண்டக் கூடாது என்பதுதான் அளவுகோல். சரியான மாற்றம். எடைக்கு வரம்பு வைத்தால் வடிவமைப்பாளர் முதலில் கைவைப்பது சக்கரக் காலின் உறுதியில். மாணவர்கள் தொப்பென்று இறக்குவதைத் தாங்க வேண்டியது அந்தக் கால்தான். இனி அதில் ஐந்து கிலோ கூட்டலாம்.